குதிகாலை உயர்த்தினால் கெண்டைக்கால் என்ன செய்யும்?

பாலவாக்கம் கடற்கரைக்குக் காலை வேளையில் செல்பவர்கள் பெரும்பாலும் கடலைத்தான் பார்க்கிறார்கள். மாணவ நண்பர்களே, நீங்கள் ஒரு முறை கீழே குனிந்து மணலைப் பாருங்கள். குப்பத்து மீனவர் வெறுங்காலோடு நடந்து போன இடத்தில் ஐந்து விரல்களும், விரல்களுக்குப் பின்னுள்ள மேடும், உருண்டையான குதிகாலும் தெளிவாகப் பதிந்திருக்கும். ரப்பர் செருப்பு அணிந்தவரின் சுவடு பலகை வைத்து அழுத்தியதுபோல் தட்டையாக இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் விருந்து மண்டபங்களிலிருந்து முந்தைய மாலையில் யாரேனும் மணலில் இறங்கியிருந்தால், அலை எட்டாத மேட்டில் மூன்றாவது வகைச் சுவடும் கிடைக்கும். முன்னால் ஒரு முக்கோணம்; பின்னால் தடித்த பென்சிலால் குத்தியது போன்ற ஆழமான குழி. அது ஹைஹீல்ஸ் எனப்படும் குதி உயர்ந்த செருப்பின் சுவடு.

குழி ஏன் அவ்வளவு ஆழம் என்பது உங்களுக்கு எளிய கணக்கு. அழுத்தம் என்பது பரப்பினால் வகுக்கப்பட்ட விசை. 50 கிலோகிராம் எடையுள்ள ஒரு பெண்ணின் செருப்புக் குதி 1 சதுர செ.மீ. பரப்புள்ளதாக இருந்து, ஒரு கணம் முழு எடையும் அதன்மேல் இறங்கினால், அந்த இடத்தில் சதுர செ.மீ.க்கு 50 கிலோகிராம் எடை விழுகிறது. 4,000 கிலோகிராம் எடையுள்ள யானையின் ஒவ்வொரு பாதத்தையும் 1,000 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால், நான்கு கால்களில் நிற்கும் அந்த யானை தருவது சதுர செ.மீ.க்கு 1 கிலோகிராம்தான்! மணலுக்கு யானை எவ்வளவோ மேல்.

மணலின் கதை இருக்கட்டும். அதே நேரத்தில் காலுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதே நாம் பேச வேண்டிய விஷயம். ஹைஹீல்ஸைப் பற்றி வீடுகளில் நடக்கும் வாதத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். "விழுந்து காலை உடைத்துக்கொள்ளப் போகிறாய்" என்பார் பாட்டி. "எல்லாரும்தானே போடுகிறார்கள்?" என்பாள் பேத்தி. விழுவது என்றோ ஒரு நாள் நடக்கும் விபத்து. விழாமலே, நாள்தோறும் ஓசையின்றி நடக்கும் ஒரு மாற்றம் உண்டு. அது கெண்டைக்காலில் நடக்கிறது.

முழங்காலுக்குக் கீழே பின்புறம் கெண்டை மீனைப்போல் திரண்டிருப்பதால் அதற்குக் கெண்டைக்கால் என்று பெயர் வைத்தார்கள் நம் முன்னோர்கள். அழகான பெயர். அங்கே முக்கியமாக இரண்டு தசைகள் இருக்கின்றன. மேலே இரண்டு தலைகளோடு இருப்பது காஸ்ட்ராக்னீமியஸ். அதன் அடியில் அகலமாகப் படுத்திருப்பது சோலியஸ். இரண்டும் கீழே ஒன்றுசேர்ந்து ஒரு கெட்டியான கயிறாகிக் குதிகால் எலும்பில் போய்ப் பற்றிக்கொள்கின்றன. இந்தக் கயிறுதான் குதிகால் நாண். அக்கிலீஸ் நாண் என்றும் சொல்வார்கள். நம் உடலில் உள்ள நாண்களிலேயே தடிமனும் வலிமையும் மிக்கது இதுவே. இப்போது உட்கார்ந்த இடத்திலேயே பின்கணுக்காலைத் தொட்டுப் பாருங்கள். கம்பிபோல் கையில் தட்டுப்படும்.

நடக்கும்போது இந்தத் தசையும் நாணும் செய்யும் கூட்டு வேலை மிகவும் சாமர்த்தியமானது. முதலில் குதிகால் தரையில் படுகிறது. பிறகு உடல், ஊன்றிய பாதத்தின் மேலாக முன்னே கடந்து செல்கிறது; அப்போது முழங்கால் முன்னே சாய, கணுக்கால் மடங்குகிறது. கடைசியில் முன்பாதம் தரையைப் பின்னுக்குத் தள்ள, நாம் முன்னே போகிறோம். நடுக்கட்டத்தில் கெண்டைத்தசை இழுபட்டு நீள்கிறது என்றுதான் யாரும் எண்ணுவார்கள். ஆனால் தசையிழைகள் ஏறக்குறைய ஒரே நீளத்தில் பிடித்துக்கொண்டு நிற்க, நீளும் வேலையின் பெரும்பகுதியை நாண்தான் செய்கிறது என்பதை மீயொலிக் கருவியின் மூலம் நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள்.

உண்டிவில்லை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லைப் பிடித்திருக்கும் கை தசை. இழுபடும் ரப்பர் நாண். கை பிடித்துக்கொண்டிருக்கிறது, சக்தி ரப்பரில் சேர்கிறது, விட்டதும் கல் பறக்கிறது. அதேபோல் உடல் முன்னே சாயும்போது நாணில் சேர்ந்த சக்தி, காலைத் தள்ளும் நேரத்தில் திரும்பக் கிடைக்கிறது. ஒரே நீளத்தில் பிடித்து நிற்பது, நீண்டும் சுருங்கியும் வேலை செய்வதைவிடத் தசைக்குச் செலவு குறைந்த காரியம். திருவான்மியூரிலிருந்து பாலவாக்கம் வரை நடந்தே வந்தாலும் நாம் அவ்வளவாகக் களைத்துப் போகாததற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

இனி குதிகாலுக்கு அடியில் 7 செ.மீ. உயரமுள்ள ஒரு கட்டையை வையுங்கள். குதிகாலுக்கும் விரல்மேட்டுக்கும் இடையே 16 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொண்டு, 7-ஐ 16-ஆல் வகுத்து, அந்த மதிப்பை ஸைனாகக் கொண்ட கோணத்தைத் தேடினால் ஏறக்குறைய 26 பாகை வரும். 5 செ.மீ. குதிக்கு 18 பாகை; 10 செ.மீ. குதிக்கு 39 பாகை. அதாவது சமதரையில் நடக்கும் அந்தப் பெண்ணின் பாதம் எப்போதும் ஒரு சரிவில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. குதிகால் மேலே போய்விட்டதால், கெண்டைத்தசையின் இரு முனைகளும் ஒன்றையொன்று நெருங்கிவிடுகின்றன. தசை குறுகிய நிலையிலேயே தன் வேலையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

குறுகினால் என்ன கெட்டது என்று கேட்பீர்கள். இரு கை விரல்களையும் ஒன்றினூடே ஒன்றாகக் கோத்துப் பாருங்கள். தசையிழைக்குள் இப்படித்தான் இருவகைப் புரத இழைகள் கோத்திருக்கின்றன. இத்தகைய ஒரு சிறு கூறுக்குச் சார்க்கோமியர் என்று பெயர். ரயில்பெட்டிகளைப்போல் ஆயிரக்கணக்கான சார்க்கோமியர்கள் வரிசையாக இணைந்ததே ஓர் இழை. விரல்கள் அளவாகக் கோத்திருந்தால் நன்றாக இழுக்கலாம். ஒரேயடியாக உள்ளே புகுந்துவிட்டால் மேலும் இழுக்க இடமில்லை. நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் பிடியில்லை. ஆகவே ஒவ்வொரு தசைக்கும் முழு வலிமையோடு இழுக்கக்கூடிய ஒரு நீளம் உண்டு.

தசை சாதுவான மாணவன் மாதிரி. எந்த நீளத்தில் அதிக நேரம் வைக்கிறோமோ, அந்த நீளத்தையே சரியான நீளம் என்று கற்றுக்கொள்கிறது. 1972-இல் டாபரி, கோல்ட்ஸ்பிங்க் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெயர் பெற்றது. பூனைகளின் காலைச் சோலியஸ் தசை குறுகியிருக்கும் நிலையில் மாவுக்கட்டுப் போட்டு வைத்தார்கள். நான்கு வாரத்தில், வரிசையில் இருந்த சார்க்கோமியர்களில் சுமார் 40 சதவீதம் காணாமல் போயின! ரயிலில் தேவையற்ற பெட்டிகளைக் கழற்றிவிட்டது உடல். கட்டை அவிழ்த்த பின் ஏறக்குறைய அதே கால அளவில் அவை திரும்பவும் உண்டாயின. (பூனைகள் பாவம்தான், இன்று இத்தகைய பரிசோதனைக்கு அவ்வளவு எளிதில் அனுமதி கிடைக்காது.)

செருப்பு மாவுக்கட்டு அல்ல, கழற்றி வைக்கலாம். இருந்தாலும் தினமும் பல மணி நேரம், பல ஆண்டுகள் அணிந்தால்? 2010-இல் சாப்போ, நாரிசி முதலிய ஐரோப்பிய விஞ்ஞானிகள் இதையே ஆராய்ந்தார்கள். குறைந்தது 5 செ.மீ. குதியுள்ள காலணியை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வழக்கமாக அணிந்து வந்த பெண்களையும், அணியாத பெண்களையும் ஒப்பிட்டார்கள். அணிந்தவர்களின் கெண்டைத்தசையில் இழைக்கற்றைகள் சுமார் 13 சதவீதம் நீளம் குறைந்திருந்தன. குதிகால் நாணோ குறுக்குவெட்டில் 22 சதவீதம் அளவுக்குத் தடித்து, விறைத்திருந்தது. கணுக்கால் தானாக அசையும் வீச்சும் குறைந்திருந்தது.

இன்னொரு முடிவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பெண்களின் கால் வலிமை குறையவில்லை. தசை குறுகியதை நாணின் விறைப்பு ஈடுகட்டிவிட்டது. "ஹைஹீல்ஸ் போட்டால் கால் பலவீனமாகிவிடும்" என்று எழுதும் சில பத்திரிகைக் குறிப்புகள் இந்த வகையில் தவறானவை. உடல் கெட்டுப்போகவில்லை, புதிய செருப்புக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொண்டது. எனக்கு இதுதான் அதிகக் கவலை தருகிறது. கால் செருப்புக்காகத் தைக்கப்பட்டுவிட்டது! செருப்பைக் கழற்றிய பிறகும் அந்தத் தையல் காலில் இருக்கிறது. நெடுங்காலம் அணிந்தவர்கள் தட்டைச் செருப்புக்கு மாறும்போது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு வலிப்பதாகச் சொல்வதன் காரணம் இப்போது விளங்கும்.

நடக்கும்போது என்ன ஆகிறது? ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குரோனினும் அவருடைய தோழர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு ஆண்டுகளாவது ஹைஹீல்ஸ் அணிந்த 9 பெண்கள். அதிகம் அணியாத 10 பெண்கள். இவர்களை நடக்கவிட்டு, தசையின் மின் துடிப்பையும் இழைகளின் நீளத்தையும் ஒரே நேரத்தில் பதிவு செய்தார்கள். ஹைஹீல்ஸோடு நடந்தபோது, பாதம் தரையில் ஊன்றியிருக்கும் கட்டத்தில் தசையிழைகளே அதிகமாக இழுபட்டன. மின் துடிப்பும் கூடியது. உண்டிவில் ஞாபகமிருக்கிறதல்லவா? ரப்பர் தடித்து விறைத்துப் போனால், கைதான் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். சிக்கனமான நடை செலவாளி நடையாகிவிடுகிறது. களைப்பும் வலியும் அங்கிருந்துதான் வருகின்றன. தசைப்பிடிப்பு, தசைக்கிழிவு போன்ற காயங்களுக்கும் வாய்ப்புக் கூடலாம் என்று அவர்கள் கருதினார்கள். மொத்தம் 19 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் இரண்டு ஆய்வுகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன. பூனையின் தசையும் அதே திசையைத்தான் காட்டியது.

இங்கே உங்களில் நடனம் பயில்பவர்கள் ஒரு கேள்வி எழுப்பலாம். பாலவாக்கத்துக்கு வடக்கே திருவான்மியூரில் இருக்கிறது கலாக்ஷேத்ரா. 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கிய நிறுவனம். அங்கும், சென்னையின் எத்தனையோ வீட்டு மாடிகளிலும், குதித்து மெட்டு அடவு பயிலும் பிள்ளைகள் குதிகாலை உயர்த்தி முன்பாதத்தில் நிற்கிறார்களே, அவர்கள் கெண்டைக்கால் குறுகாதா? அடவைக் கவனித்துப் பாருங்கள். முன்பாதத்தில் குதித்து எழும்பிய அடுத்த கணமே குதிகால் தரையைத் தட்டுகிறது. தசை குறுகுகிறது, உடனே நீள்கிறது. மேலும், அங்கே குதிகாலைத் தூக்கிப் பிடிப்பது தசையின் சொந்த பலம். செருப்பிலோ அடியில் இருக்கும் கட்டை. குதிகால் உயர்வதில் தீங்கில்லை. உயர்ந்த குதிகால் நாள் முழுதும் கீழே இறங்காமல் இருப்பதில்தான் இருக்கிறது விஷயம். பழைய பாதக்குறட்டையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அதுவும் தரையிலிருந்து உயர்ந்ததே. ஆனால் முன்னும் பின்னும் ஒரே உயரம், சரிவு கிடையாது. ஆகவே கடையில் செருப்பைப் பார்க்கும்போது குதியின் உயரத்தை மட்டும் பார்க்கக்கூடாது. முன்புறத் தடிமனை அதிலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் குறுகிய கெண்டைக்கால் இன்னொரு வகையிலும் இடைஞ்சல். குதிகால் தரையில் பதியக் குந்தி உட்காருவதற்குக் கணுக்கால் நன்றாக மடங்கியாக வேண்டும். குழாயடியில் பாத்திரம் துலக்குபவர், வலை பின்னுபவர், செடிக்குக் களை எடுப்பவர் எல்லாரும் அப்படித்தான் மணிக்கணக்கில் உட்காருகிறார்கள். நாற்காலி நாட்டவர்க்குக் கணுக்காலில் சில பாகை குறைந்தால் அவ்வளவாகத் தெரியாது, நமக்குத் தெரியும்.

சரி, இதற்காகப் பெண்களைக் கண்டிப்பதா? அதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. குதி உயர்ந்த காலணி பாரசீகத்துக் குதிரை வீரர்களோடு தொடர்புடையது. சேணத்தின் அங்கவடியில் காலைப் பிடிப்பாக வைத்துக்கொள்ள அது உதவியது. ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டில் பிரபுக்கள் அணிந்தார்கள். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் சிவப்புக் குதிச் செருப்பைச் சித்திரங்களில் காணலாம். ஆண்கள் குதிரையிலிருந்து இறங்கியபோது அதைக் கழற்றிவிட்டார்கள். பெண்களிடம் அது தங்கிவிட்டது. ஒரு கலியாணத்துக்கோ, பள்ளி ஆண்டு விழாவுக்கோ சில மணி நேரம் ஆசையாக அணிவதால் கெண்டைக்கால் குறுகிவிடாது. மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் வாரக்கணக்கு, ஆண்டுக்கணக்கு பற்றியவை.

நான் ஆட்சேபிப்பது இரண்டை. முதலாவது, வளரும் வயதில் அதைத் தினசரிச் செருப்பாக்குவது. பதின்மூன்று, பதினான்கு வயதில் கால் எலும்பு விரைந்து நீள்கிறது. எலும்பு நீளும்போது தசை இழுபடுகிறது; அந்த இழுப்பே புதிய சார்க்கோமியர்களைச் சேர்க்கச் சொல்லித் தசைக்குக் கிடைக்கும் கட்டளை. கட்டளை வரும் நேரம் பார்த்துக் குதிகாலைத் தூக்கிவைத்து இழுப்பைத் தளர்த்துவது புத்திசாலித்தனமாகாது.

இரண்டாவது, கட்டாயம். தானாக விரும்பி அணிபவர் வலித்தால் கழற்றிவிடுவார். வேலை நிபந்தனையாக அணிபவர் என்ன செய்வார்? வாரத்துக்கு 40 மணி என்பது கேளிக்கைக் கணக்கல்ல. அது உத்தியோகக் கணக்கு. வரவேற்பு மேசையிலும் விமானத்திலும் நட்சத்திர ஓட்டல்களிலும் பணிபுரியும் பெண்களின் நேரம் அது. 2017-இல் பிலிப்பைன்ஸ் அரசும், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலமும், வேலை இடங்களில் பெண்களை ஹைஹீல்ஸ் அணியக் கட்டாயப்படுத்துவதைத் தடுத்து ஆணையிட்டன. நம் நாட்டில் 2022-இல் தொடங்கப்பட்ட ஆகாசா விமான நிறுவனம், பணிப்பெண்களுக்குச் சீருடையாகவே தட்டைக் கான்வாஸ் போன்ற ஷூவைக் கொடுத்தது. விமானம் எப்போதும்போல் பறக்கத்தான் செய்தது!

தமிழ்நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. தியாகராய நகர் உஸ்மான் சாலைக் கடைகளில் நாள் முழுதும் நின்றே வேலை பார்ப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. நிற்கும் காலைப்பற்றிச் சட்டம் நினைத்துப் பார்த்தது. அந்தக் காலின் அடியில் என்ன இருக்கிறது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். குதிகால் உயரத்தை எந்த முதலாளியும் நிபந்தனையாக வைக்கக்கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

இன்னொரு யோசனை, நம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு. அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியர்களின் பாதம் பொதுவாக மேலைநாட்டவர் பாதத்தைவிட அகலம் கூடியது என்று கண்டு, 'பா' என்ற பெயரில் இந்தியர்க்கென்றே ஓர் அளவுமுறையை முன்மொழிந்தது. அந்நிய அளவில் தைத்த ஒடுங்கிய ஹைஹீல்ஸில் அகலமான பாதம் சரிவில் வழுக்கி முன்னே இறங்கினால் விரல்கள் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. புதிய அளவு வரும்போது, செருப்புப் பெட்டியின்மேல் நீள அகலத்தோடு குதியின் சரிவையும் மில்லிமீட்டரில் அச்சிட்டால் என்ன? மருந்துச் சீட்டில் காலாவதித் தேதி இருப்பதுபோல் அதுவும் இருக்கட்டும். வாங்குபவர் பார்த்து முடிவு செய்துகொள்வார்.

அதற்குள் உங்கள் கணுக்காலை நீங்களே அளந்து வைத்துக்கொள்ளலாம். பையன்களும்தான், கெண்டைக்கால் எல்லாருக்கும் உண்டு. வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நில்லுங்கள். ஒரு காலை முன்வைத்து, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல், முழங்காலை மடக்கிச் சுவரைத் தொடுங்கள். தொட்டால், பாதத்தைச் சிறிது பின்னுக்கு நகர்த்தி மீண்டும் முயலுங்கள். குதிகால் எழும்பாமல் முழங்கால் சுவரைத் தொடக்கூடிய கடைசி இடத்தில் நிறுத்தி, கட்டைவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளவுகோலால் அளவெடுங்கள். பலருக்கு 10 செ.மீ.க்குச் சற்று முன்பின்னாக வரும். இரு கால்களையும் தனித்தனியே அளந்து, தேதியோடும், நீங்கள் அன்றாடம் அணியும் செருப்பின் குதி உயரத்தோடும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் நாற்பது பேர் அளந்தால் நாற்பது எண்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மறுபடி அளந்து, அந்த எண்களை ஒரு வரைபடத்தாளில் குறித்துப் பாருங்கள்.